மோவாயில் மூன்று புள்ளி

உப்பளத்தில் காலை ஏழு மணிக்கு மேல் போனைத் தூக்கிப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு நன்றாக விழும், ஆள் விழமாட்டார். கீழே பாத்தி வெள்ளை. வரப்போரத்தில் குவித்த அம்பாரம் வெள்ளை. தேங்கிய நீரில் தெரியும் வானமும் வெள்ளை. இத்தனை வெளிச்சத்துக்கு நடுவே வாருபலகையோடு நிற்கும் பெண்ணின் கறுத்த முகம் படத்தில் கண்ணும் மூக்கும் இல்லாத நிழலாக வந்து நிற்கும். கேமரா தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளைக்காட்டில் அந்தக் கணக்கு தப்பிவிடும். உப்பு சாம்பலாகும், முகம் இருண்டுபோகும்.

அப்படி இருண்டுபோன முகங்களில் ஒன்று என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் சாலையில், முள்ளக்காட்டுப் பக்கத்து அளங்களில் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து வேலை பார்த்தவள். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு அதிகம் விளைவது எங்கள் பக்கம்தான். ஆனால் அந்த உப்பை வாருகிறவர்களின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அபூர்வம். அத்தையின் மோவாயில் மூன்று பச்சைப் புள்ளிகள் உண்டு. சிறு பிள்ளையாக இருந்தபோது பச்சை குத்துகிறவளைத் திண்ணையில் உட்காரவைத்து ஆச்சி குத்தச் சொன்னது. அழுதால் கருப்பட்டி தருவேன் என்றாளாம் ஆச்சி. அத்தை அழாமலே கருப்பட்டியை வாங்கிக்கொண்டாளாம். அந்தப் புள்ளிகளோடு அவளை ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைச் செயலிகளைத் தேடி அலையவிட்டது.

அதற்கு முன்பே எனக்கு முகங்களோடு வேலை. ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஃபோட்டோஷாப்பில் டச்சப், கலர் கரெக்‌ஷன், பாஸ்போர்ட் சைஸ் வெட்டுவது எல்லாம் என் மேசையில்தான். படம் வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் கவுண்டரில் குனிந்து மெதுவாகக் கேட்பார்கள், "அக்கா, பொண்ணக் கொஞ்சம் கலராக் காட்டுங்க." மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம் என்பார்கள். கேட்கும் குரலிலேயே அவர்கள் எதைப் பயந்து கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அவர்களை நான் கடிந்துகொண்டதே இல்லை.

பிரிண்ட் போடும் லேபில் இருந்த பெரியவர் ஒருவரிடம் அப்போது நிறைய கற்றேன். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருப்பாள். 'ஷர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி என்று பொருள். உலகம் முழுக்க நிறத்தை ஒத்துப்பார்க்க வைத்த அளவுகோல் ஒரு வெள்ளைத் தோல். மற்றவர்கள் அந்த அளவுகோலில் எப்படி விழுகிறார்களோ அப்படி விழ வேண்டியதுதான். கறுத்த முகம் சேறாகவோ செம்மண்ணாகவோ வந்தால், பிலிமைக் குறை சொல்லாமல் முகத்தைக் குறை சொல்லிப் பழகிவிட்டோம் என்று அந்தப் பெரியவர் சொல்வார். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது இது தீர்ந்துவிடும் என்று நம்பினேன். தீரவில்லை. லேப் மிஷினுக்குள் இருந்தது போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் பக்கம் எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன் வந்த காலம் நினைவிருக்கும். போன் வாங்குகிற கடையிலேயே பையன் பத்துப் பன்னிரண்டு ஆப்களை ஏற்றிக் கொடுப்பான். நெட் காசு அப்போது அதிகம். அதனால் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பிக்கொள்வார்கள். அதில் கேமரா ஆப் மட்டும் மூன்றோ நான்கோ இருக்கும். பூ வைக்கும், நாய்க் காது வைக்கும், கன்னத்தைச் சிவக்க வைக்கும். இன்ஸ்டாகிராம் 2012இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த பிறகு, படத்துக்கு மேல் ஒரு நிறத்தைப் பூசுவது என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தையாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் அதில் மகிழ்ந்ததை நான் தவறென்று நினைக்கவில்லை. விளையாட்டு என்று தெரிந்தே விளையாடினார்கள்.

ஆனால் அத்தையின் மகன் வாங்கிய போன் யாரையும் கேட்கவில்லை. அதில் தனியாக ஆப் எதுவும் வேண்டியிருக்கவில்லை. போனோடு வந்த கேமராவிலேயே அழகுபடுத்தும் வசதி திறந்தபடிதான் வந்தது. அவன் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க அந்தப் போனில் அத்தையை எடுத்து அனுப்பினான். மண்டப வாசலில் பத்தடி உயரத்தில் பேனர் நின்றது. மணமக்கள் நடுவில், சுற்றிலும் வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள். அதில் ஒரு வட்டத்தில் அத்தை.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். அத்தை தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் வருத்தப்படுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் முகம் மலர்ந்தது. "நல்லாத்தான இருக்கு. எங்க அம்ம மாதிரி இருக்கேன்" என்றாள். ஆச்சி சிவப்பு. அத்தை அப்பாவழித் தாத்தாவின் நிறம். பிறகு இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தவள், கையால் தன் மோவாயைத் தொட்டுக்கொண்டாள். "ஏட்டி, பச்சையக் காணமே?"

காணவில்லைதான். மூன்று புள்ளிகளும் இல்லை. கன்னத்தில் அம்மை போட்டிருந்த தழும்பு இல்லை. மூக்குத்திக் கல் ஒரு மங்கல் வெளிச்சமாகக் கரைந்திருந்தது. அழகுபடுத்தும் செயலி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். நானே கையால் செய்த வேலைதான் அது. முதலில் முகம் எங்கே என்று கண்டுபிடிக்கும். கண், உதடு, புருவம் இவற்றை விட்டுவிட்டுத் தோல் என்று தோன்றுகிற இடத்தையெல்லாம் மெழுகும். தோலில் திடீரென்று நிறம் மாறும் எதுவும் அதற்குக் குறைதான். பருவும் ஒன்று, பச்சையும் ஒன்று. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபோது நான் பருவை எடுப்பேன், பச்சையைத் தொடமாட்டேன். ஆச்சி கருப்பட்டி கொடுத்துக் குத்தவைத்தது என்று எனக்குத் தெரியும். போனுக்கு எப்படித் தெரியும்?

அன்று எனக்கு ஒன்று தெளிவானது. அத்தைக்குத் தன் படம் சிவப்பாக இருப்பது பிடித்திருந்தது. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. அவள் முகம், அவள் விருப்பம். ஆனால் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை எங்கோ ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து, அதை அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடத்தியிருக்கிறார். அந்த முடிவை அவள் கைக்குத் திருப்பிக் கொடுக்கிற செயலியைத்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கழித்துக்கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேமரா ஆப் என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் அதை ஏற்றுவதில்லை. படம் எடுக்கக் கேமரா வேண்டும், சேமிக்க இடம் வேண்டும், வீடியோவுக்கு மைக் வேண்டும். அதற்கு மேல் எதற்கு? இந்தக் கண்டிப்பு பலருக்கு அதிகமாகப் பட்டது. 2019 தொடக்கத்தில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம், பிளே ஸ்டோரில் இருந்த அழகு கேமரா செயலிகளில் 29 மோசமானவை என்று கண்டுபிடித்து வெளியிட்டது. சில ஆபாச விளம்பரங்களைத் திறந்தன. சில, திருத்தித் தருகிறோம் என்று சொல்லிப் படங்களை வேறெங்கோ அனுப்பின. கூகிள் அவற்றை நீக்கியது. அதன்பின் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று 2020 ஜூன் 29. அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்தப் பட்டியலில் பியூட்டிபிளஸ், மெய்ட்டு போன்ற அழகு ஆப்களும் இருந்தன. ஆவணங்களை எடுக்கப் பலர் வைத்திருந்த கேம்ஸ்கேனரும் இருந்தது. ஒரே ஆப்புக்குள் வேலையை வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. பாதி முடித்த வீடியோவை வெளியே எடுக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு செயலி நாளை இல்லாமல் போனால் என் படம் என்ன ஆகும் என்ற கேள்வியை அதற்குப் பிறகு நான் எல்லாச் செயலியிடமும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சாதாரணக் கோப்பாக, எந்த போனிலும் திறக்கும்படி, என் கோப்புறையில் படத்தை வைத்தால் அது நல்ல செயலி.

எடுக்கிற வேலைக்கு எனக்கு அமைந்தது ஓப்பன் கேமரா. மார்க் ஹார்மன் என்பவர் எழுதியது. இலவசம், திறமூலம், விளம்பரமும் இல்லை. பார்க்க எந்த வசீகரமும் கிடையாது. ஆனால் உப்பளத்தில் அதன் அருமை தெரியும். வெளிச்சம் அளவுக்கு மீறி வெளுத்துப்போகும் இடங்களில் திரையில் வரிவரியாகக் கோடு காட்டும் வசதி அதில் உண்டு. வரிக்குதிரைக் கோடு என்பார்கள். அத்தை முகத்தில் விரலை வைத்து வெளிச்சத்தை அதற்கு ஏற்றபடி கூட்டுவேன். அம்பாரத்தின் உச்சியில் அந்தக் கோடு படரத் தொடங்கும். முகம் தெரிய வேண்டும், உப்பின் பருக்கையும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காத உச்சி வெயிலில் நான் உப்பை விட்டுக்கொடுத்துவிடுவேன். உப்பு வெளுத்துப்போனால் யாருக்கும் நட்டமில்லை.

போன் தாங்கினால் அதே செயலியில் ரா கோப்பாகவும் எடுக்கலாம். ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து அதற்கு வழி இருக்கிறது, எல்லா போன் கம்பெனியும் திறந்துவிடுவதில்லை என்றாலும். நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். கேமராவின் சென்சார் அதைவிட அதிகம் பார்க்கிறது. போன்களின் ரா கோப்பில் பெரும்பாலும் 1024 படிகள் கிடைக்கும். வெள்ளைச் சேலைக்கும் வெளுத்த உப்புக்கும் வித்தியாசம் தெரிவதும், கறுத்த கன்னத்தில் வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும் பிரிவதும் அந்தக் கூடுதல் படிகளில்தான். முக்கியமாக, ரா கோப்பில் யாரும் எதையும் மெழுகியிருக்க மாட்டார்கள். அத்தையின் பச்சையை நான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்த படம் அப்படி எடுத்ததுதான். மூன்றில் நடுப்புள்ளி சற்றே மங்கியிருப்பது எனக்கே அதில்தான் தெரிந்தது. நேரில் எத்தனையோ முறை பார்த்த முகம்.

திருத்துவதற்கு ஸ்னாப்சீட். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011இல் ஐபேடுக்காகக் கொண்டுவந்தது. மறு ஆண்டு கூகிள் அந்த நிறுவனத்தையே வாங்கி, அதை இலவசமாக்கி, ஆண்ட்ராய்டுக்கும் தந்தது. அதில் செலெக்டிவ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஸ்டுடியோவில் நான் பேனா டூலில் முகத்தைச் சுற்றி வெட்டி அரைமணி நேரம் செய்கிற வேலையை அது ஒரு விரலில் செய்யும். முகத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரண்டு விரலால் அகட்டினால் அந்தப் புள்ளியின் ஆட்சி எவ்வளவு தூரம் என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த வட்டத்துக்குள்ளும் புள்ளி வைத்த இடத்தின் நிறத்தை ஒத்த இடங்களை மட்டும் அது தொடும். முகம் வெளிச்சமாகும், பின்னாலிருக்கும் உப்பு அப்படியே இருக்கும். இத்தனைக்கும் மூலப்படத்தை அது அழிப்பதில்லை. செய்த திருத்தங்களை அடுக்கி வைத்திருக்கும். நடுவில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். லைட்ரூமும் வைத்திருக்கிறேன். வண்ணங்களைத் தனித்தனியே பிடித்துத் திருத்துவதில் அது மேல். ஆனால் மாதக் காசு இல்லாமல் அதன் நல்ல கருவிகள் பல கிடைக்காது. உப்பளத்துப் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஃபில்டர்களைப் பற்றியும் ஒரு சேதி. 2017இல் ஃபேஸ்ஆப் என்ற செயலியில் ஆளைக் கவர்ச்சியாக்கும் ஃபில்டர் ஒன்று வந்தது. கறுத்தவர்கள் போட்டால் வெளுத்தார்கள். உலகம் முழுக்கக் கண்டனம் வந்து, அதன் நிறுவனர் மன்னிப்புக் கேட்டார். கற்றுக்கொடுக்கப் பயன்படுத்திய படங்களில் இருந்த சாய்வுதான் காரணம் என்றார்கள். ஷர்லி கார்டுக்கும் இதற்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. 2021இல் கூகிள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே 'ரியல் டோன்' என்று ஒரு வசதியை அறிவித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, மனத்தாங்கலாகவும் இருந்தது. அந்த விலைக்கு போன் வாங்குகிறவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

உப்பளத்து வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால் இருட்டிலேயே டார்ச்சோடு போவார்கள். அந்த நேரத்தில் அத்தையை எடுக்க வேண்டும் என்று நான் போனபோது இரவுப் பட வசதி எல்லா போனிலும் வந்திருந்தது. பிக்சல் போன்களில் 2018இல் 'நைட் சைட்' என்று வந்து, அடுத்த ஆண்டு ஐபோனிலும் வந்து, பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்ட வித்தை. ஒரு படத்துக்குப் பதில் வரிசையாகப் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இருட்டிலிருந்து வெளிச்சத்தைச் சேர்த்தெடுக்கும். நிற்கும் அம்பாரத்துக்கு அது அற்புதம். வாருபலகையை இழுக்கிற பெண்ணுக்கு ஆகாது. பொருத்தும்போது அசைந்தது எது, இரைச்சல் எது என்று அதற்குக் குழம்பிவிடும். பலகை இரண்டாகும், கை புகையாகும். நான் அந்த வசதியை அணைத்துவிட்டு, சாதாரணமாக, வெளிச்சத்தை உணரும் ஐஎஸ்ஓ அளவைக் கூட்டி எடுத்தேன். படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. இருக்கட்டும். டார்ச் வெளிச்சத்தில் அத்தை குனிந்து இழுக்கும் அந்த இழுப்பு அதில் இருந்தது. பொரியைத் துடைக்கும் செயலிகள் எத்தனையோ உண்டு. அந்தப் படத்தில் நான் எதையும் ஓடவிடவில்லை.

வீடியோவுக்கு வந்தபோது வேறு ஒரு உலகம். அத்தையின் பேத்தி, அதாவது அந்தக் கல்யாணப் பையனின் மகள், பள்ளிக்கு ஒரு சிறு படம் செய்ய வேண்டும் என்றாள். அத்தை வீட்டுத் திண்ணையில் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலையைப் பற்றிச் சொல்கிறாள். எடுத்துப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. போன் கெட்டுவிட்டது என்று பிள்ளை பயந்துவிட்டாள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுக்கின்றன. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு ஒத்துவந்த பழைய கணக்கு அது. ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கோ 100இல் ஒரு பங்கோ வைத்து, முடிந்தால் 25 ஃபிரேமில் எடுத்தால் பட்டை போய்விடும். அதைக் கையால் மாற்றவிடுகிற செயலி வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்று ஒன்று 2023இல் ஐபோனுக்கும், மறு ஆண்டு சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இலவசமாக வந்தது. சினிமாக்காரர்களின் கேமராவில் இருக்கும் திரை அப்படியே போனில். அது ஏறாத போன்களில் 'ப்ரோ' என்றிருக்கும் பகுதியைத் தேடச் சொல்வேன். சிலவற்றில் வீடியோவுக்கும் ப்ரோ உண்டு, சிலவற்றில் படத்துக்கு மட்டும்தான்.

வெட்டி ஒட்டும் ஆப்களை நான் ஒரு சின்னச் சோதனையால்தான் தேர்வு செய்கிறேன். எழுத்துப் பகுதியைத் திறந்து 'கொற்கை' என்று தட்டுவேன். எங்கள் மாவட்டத்துப் பழைய துறைமுகம். கொற்கையில் கொம்பும் காலும் ஐகாரமும் இருக்கின்றன. தமிழ் எழுத்தை அடுக்கத் தெரியாத செயலியில் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாது, பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். பேத்தி முதலில் பயன்படுத்திய ஆப்பில் 'பெண்கள்' என்ற தலைப்பு இப்படித்தான் உடைந்து வந்தது. வகுப்பில் எல்லாரும் பார்க்கப் போகிற படம். அவளுக்குத் தலைப்பையே எடுத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. நான் விடவில்லை. கைன்மாஸ்டரில் நாமே விரும்பும் எழுத்துருவை ஏற்றிக்கொள்ளலாம், அடுக்கடுக்காக வேலை செய்யலாம். இலவசமாகப் பயன்படுத்தினால் மூலையில் அதன் பெயர் விழும். பள்ளிப் படத்துக்கு அது ஒன்றும் இடைஞ்சல் இல்லை. வேலையைப் பாதியில் நிறுத்த மாட்டேன் என்கிறதா, தமிழை உடைக்காமல் எழுதுகிறதா, ஒலியைத் தனியாகக் கூட்டக் குறைக்க விடுகிறதா, இவை மூன்றும் போதும். நூறு விதமான மாறுதல் காட்சிகள் தருகிறேன் என்று சொல்வதில் எனக்கு மயக்கம் கிடையாது. கடற்காற்று போன் மைக்கில் மோதுகிற இரைச்சலை எந்த ஆப்பும் முழுதாக எடுக்கவில்லை. ஹெட்செட் மைக்கை அத்தையின் முந்தானைக்குள் செருகியதுதான் பலித்தது.

எடுத்ததை எங்கே வைப்பது என்பதைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. கூகிள் ஃபோட்டோஸ் 2015இல் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களுக்கு எல்லையில்லா இடம் இலவசம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அது நின்று, மெயிலும் படமும் எல்லாம் சேர்த்து 15 ஜிபி என்றானது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். முழுதாக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்ப வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லும்போது வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் மழை சொல்லிக் கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. தாமிரபரணி கரை மீறியது. அளங்களெல்லாம் கடலாகிக் குவித்த உப்பு கரைந்து போனது. அத்தை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சுவரில் மாட்டியிருந்த படங்கள் சேறாகிவிட்டன. கல்யாண பேனரிலிருந்து வெட்டிப் பிரேம் போட்டிருந்த அந்தச் சிவப்பு முகமும் போனது.

தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து, அதை மறுபடியும் போட்டுத் தரச் சொல்லி அத்தை கேட்டாள். மகனின் பழைய போனும் தண்ணீரில் போயிருந்தது. கிடைத்தது யாரோ எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தபால்தலை அளவுப் படம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. நான் உப்பளத்தில் எடுத்த ரா கோப்பு திருநெல்வேலியில் தங்கை வீட்டு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. போனில் ஏற்றிக்கொண்டு போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்னாப்சீடைத் திறந்து, அவள் கன்னத்தில் புள்ளியை வைத்து, போனை அவள் கையில் கொடுத்தேன். "விரல இப்படி இழுங்க. எங்க வேணுமோ அங்க நிறுத்துங்க."

உப்பு தின்ற விரல்கள். திரை பல நேரம் அந்தத் தொடுதலை உணராது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்தாள். முகம் வெளிச்சமாகிக்கொண்டே போனது. நான் வைத்திருக்கக்கூடிய இடத்தைத் தாண்டிப் போனாள். நான் பேசவில்லை. ஒரு இடத்தில் நின்றாள். கொஞ்சம் பின்னால் வந்தாள். "பச்ச மங்குது பாரு" என்றாள். இன்னும் கொஞ்சம் பின்னால். மூன்று புள்ளியும் தெரிகிற இடத்தில் விரலை எடுத்தாள். "இத அடிச்சுக் குடு."

அவள் உள்ள நிறத்தைவிட ஒரு படி வெளுப்பு அது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறோம். லேபில் அதைப் பார்த்த பையன், "அக்கா, மொகத்துல ஏதோ கறை மாதிரி இருக்கு, எடுத்துரவா?" என்று கேட்டான். தொடாதே என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்று பிரிண்ட் வாங்கி வந்தேன்.

பேத்தி இப்போது உப்பளத்து வேலையைப் பற்றிச் சின்னச் சின்ன வீடியோ போடுகிறாள். அவள் என் பேச்சை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. முன் கேமராவில் தன்னை எடுக்கும்போது அழகுபடுத்தும் பொத்தானைப் போட்டுக்கொள்கிறாள். "அது எனக்கு. பாட்டிக்கு ஆஃப் பண்ணிட்டேன், போதுமா?" என்கிறாள். அதை அணைக்கப் போனபோதுதான் படத்துக்கு ஒரு பொத்தான், வீடியோவுக்கு வேறொரு பொத்தான், முன் கேமராவுக்கும் பின் கேமராவுக்கும் தனித்தனி என்று அவளே கண்டுபிடித்தாள். 2020இல் கூகிள் தன் புதிய பிக்சல் போன்களின் முன் கேமராவில் இந்த வசதி தானாக இயங்காது, வேண்டுமென்றால் நாமே போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றியது. எல்லாக் கம்பெனியும் அப்படி மாற்றினால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் போனில் அப்டேட் வந்த பிறகு பின் கேமராவில் அது மறுபடியும் திறந்துகொண்டது. பாட்டியின் மோவாயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் நான்கு பொத்தானையும் பார்த்துவிட்டுத்தான் அளத்துக்குப் போகிறாள்.